தேசியப் பூங்காவுக்குள் துப்பாக்கி: வருகிறவர்கள் என்ன நினைக்கிறார்கள்?

கேட்டவரின் கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன். கோயம்புத்தூரிலிருந்து வரும் பெற்றோரையும் இரண்டு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு ஜூலையில் யெல்லோஸ்டோன் போகத் திட்டமிட்டிருக்கிறார். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு நடமாடலாம் என்று எங்கோ படித்துவிட்டு, அவருடைய மனைவி பயணமே வேண்டாம் என்கிறார். இது உண்மையா? அங்கே போகிறவர்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்? கரடிக்காக நாமும் ஏதாவது வைத்துக்கொள்ள வேண்டுமா?

உண்மைதான். ஆனால் அதற்காகப் பயணத்தைக் கைவிட வேண்டாம். நான் வாஷிங்டன் மாநிலத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக வசிக்கிறேன். கோடை விடுமுறைகளில் பெரும்பகுதியைப் பூங்காக்களில் கழித்திருக்கிறேன். துப்பாக்கி வைத்திருப்பவர்களோடும், அதைக் கண்டாலே கூடாரத்தை வேறு இடத்துக்கு மாற்றுகிறவர்களோடும் ஒரே நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசியிருக்கிறேன். எனக்கு இதில் ஓர் உறுதியான கருத்து உண்டு. அதைப் போகப்போகச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். 2010 பிப்ரவரி 22 முதல், ஒரு பூங்கா எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்தின் துப்பாக்கிச் சட்டமே பூங்காவுக்குள்ளும் செல்லும். வெளியே சாலையில் ஒருவர் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க முடியுமானால், நுழைவாயிலைத் தாண்டிய பிறகும் வைத்திருக்கலாம். ஆனால் வைத்திருக்கும் அனுமதி சுடும் அனுமதி ஆகாது. பெரும்பாலான பூங்காக்களில் வேட்டை கிடையாது, குறிபார்த்துப் பழகுவதும் கிடையாது. பார்வையாளர் மையம், அலுவலகம் முதலிய மத்திய அரசுக் கட்டடங்களுக்குள் துப்பாக்கியைக் கொண்டுபோகவே கூடாது. கதவிலேயே அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள்.

மாநிலச் சட்டத்தோடு பூங்காவைக் கட்டிவிட்டதால் நேர்ந்த ஒரு விளைவைப் பலர் கவனிப்பதில்லை. யெல்லோஸ்டோன் வயோமிங், மொன்டானா, ஐடஹோ ஆகிய மூன்று மாநிலங்களில் பரவியிருக்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தபோது வயோமிங்கில் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் வேண்டும். 2011-இல் அந்த மாநிலத்தவருக்கும், 2021-இல் எல்லோருக்கும் அந்த நிபந்தனையை நீக்கினார்கள். ஐடஹோவும் மொன்டானாவும் அதே வழியில் போயின. சட்டமன்றங்கள் தளர்த்தத் தளர்த்தப் பூங்காவும் தானாகவே தளர்ந்தது. அந்தப் பூங்கா நாடு முழுவதற்கும் சொந்தம். அங்கே வருகிறவர்களையோ காவல் செய்கிறவர்களையோ அப்போது யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கலிஃபோர்னியாவில் இருக்கும் யோசெமிட்டியில் நிலைமை வேறு. அங்கே மாநிலச் சட்டம் கெடுபிடியானது, பிற மாநிலத்து உரிமங்களை அது ஏற்பதில்லை.

இதற்கு முன் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் மக்களின் கோபதாபங்கள் புரியும். யெல்லோஸ்டோன் 1872-இல் தேசியப் பூங்காவானது. வேட்டைக்காரர்களை அடக்க ஆளில்லாததால் 1886-இல் ராணுவத்திடம் ஒப்படைத்தார்கள். வருகிறவர்களின் துப்பாக்கிகளுக்கு ராணுவத்தினர் முத்திரை வைத்து அனுப்பினார்கள். 1894 மார்ச் மாதம் பெலிக்கன் பள்ளத்தாக்கில் எட்கர் ஹவல் என்பவன் காட்டெருமைகளைக் கொன்று தலைகளை அறுத்துக்கொண்டிருந்தான். ராணுவத்துக்காகப் பூங்காவைச் சுற்றிக் கண்காணித்த ஃபீலிக்ஸ் பர்ஜஸ் திறந்த பனிவெளியைப் பனிச்சறுக்குக் கட்டைகளில் கடந்து அவன் முதுகுப்புறம் வந்து நின்றார். எதிர்க்காற்று பலமாக அடித்ததால் சத்தம் கேட்கவில்லை, கூட இருந்த நாயும் குரைக்கவில்லை. ஹவலின் துப்பாக்கி கைக்கு எட்டாத தூரத்தில், செத்துக் கிடந்த இன்னொரு எருமையின் மேல் சாய்ந்திருந்தது. பிடித்தாயிற்று, ஆனால் தண்டிக்கச் சட்டம் இல்லை. பூங்காவை விட்டு வெளியேற்றலாம், அவ்வளவுதான். அந்தச் செய்தி பத்திரிகையில் வந்து நாடு கொதித்தது. இரண்டே மாதத்தில், மே 7 அன்று, பூங்காவில் விலங்குகளைக் கொல்வதைக் குற்றமாக்கும் சட்டம் கையெழுத்தானது.

பூங்காக்களில் துப்பாக்கிக் கட்டுப்பாடு பிறந்தது இப்படி, விலங்குகளுக்காக. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இன்றைய வாக்குவாதத்தில் எல்லோரும் மனிதரின் உரிமையையும் மனிதரின் பயத்தையும் மட்டுமே பேசுகிறார்கள். இந்தப் பூங்காக்களில் எருமையும் கரடியும் உயிரோடு இருப்பதற்குக் காரணமே, ஒரு காலத்தில் யாரோ துணிந்து நுழைவாயிலில் துப்பாக்கியை வாங்கிக் கட்டிவைத்ததுதான். (இந்தியாவிலும் 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, தலைமை வனஉயிரினக் காப்பாளரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ எழுத்தில் அனுமதி தராமல் சரணாலயத்துக்குள்ளோ தேசியப் பூங்காவுக்குள்ளோ ஆயுதம் கொண்டுபோக முடியாது. முதுமலைக்குப் போய்ப் பழகிய நமக்கு அமெரிக்க ஏற்பாடு திகைப்பாக இருப்பதில் வியப்பில்லை.)

1983-இல் விதியைத் திருத்தினார்கள். பூங்கா வழியாகத் துப்பாக்கி கொண்டுபோகலாம், ஆனால் குண்டை எடுத்துவிட்டு, உடனே எடுத்துச் சுட முடியாதபடி கட்டிவைத்திருக்க வேண்டும். ரீகன் ஆட்சியில் வந்த விதி இது. துப்பாக்கி உரிமைக்கு விரோதி என்று அவரை யாரும் சொல்ல மாட்டார்கள். கால் நூற்றாண்டு அந்த விதி பெரிய தகராறில்லாமல் நடந்தது. புஷ் ஆட்சி முடியும் தறுவாயில், 2008 டிசம்பரில், மாநில உரிமம் உள்ளவர்கள் குண்டு நிரப்பிய துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொள்ளலாம் என்று, பூங்காக்களைக் கவனிக்கும் உள்துறை (Interior Department) மாற்றி எழுதியது. அதற்கு முன் மக்களிடம் கருத்துக் கேட்டபோது லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் குவிந்தன. பூங்காத் துறையின் முன்னாள் இயக்குநர்கள் ஏழு பேர், குடியரசுக் கட்சி ஆட்சியிலும் ஜனநாயகக் கட்சி ஆட்சியிலும் பணியாற்றியவர்கள், மாற்ற வேண்டாம் என்று சேர்ந்து கடிதம் எழுதினார்கள். ஓய்வு பெற்ற ரேஞ்சர்களின் (பூங்காக் காவலர்களின்) அமைப்பும் எதிர்த்தது. சுற்றுச்சூழல் பாதிப்பை ஆராயாமலே விதியை மாற்றியது தவறு என்று 2009 மார்ச்சில் நீதிபதி கொலீன் கொல்லார்-கோட்டெலி அதை நிறுத்தி வைத்தார்.

அதன்பிறகு நடந்ததுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. அந்த மே மாதம் கிரெடிட் கார்டு நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் மசோதா ஒன்று செனட்டில் இருந்தது. ஒக்லஹோமா செனட்டர் டாம் கோபர்ன் அதில் பூங்காத் துப்பாக்கித் திருத்தத்தைச் சேர்த்தார். 67-க்கு 29 என்று நிறைவேறியது. கீழவையில் 279-க்கு 147. கிரெடிட் கார்டுச் சீர்திருத்தம் கைநழுவிவிடக் கூடாது என்ற நிலையில் ஒபாமா மே 22 அன்று கையெழுத்திட்டார். லட்சம் பேர் உட்கார்ந்து எழுதிய கருத்தும், ஏழு இயக்குநர்களின் அனுபவமும், ஒரு நீதிமன்றத் தீர்ப்பும், வட்டி விகிதம் பற்றிய மசோதாவின் வாலில் கட்டப்பட்டு முடிந்துபோயின. பூங்காவுக்கு வருகிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்ற கேள்விக்கு அரசு தந்த மரியாதை இவ்வளவுதான்.

சரி, வருகிறவர்கள் என்னதான் நினைக்கிறார்கள்? எனக்கு மிகவும் மனதில் நிற்பவர் ஒரு செவிலியர். ஒலிம்பிக் தேசியப் பூங்காவில், ஹோ மழைக்காட்டுப் பாதையில் இரவு தங்குமிடத்தில் சந்தித்தேன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், தனியாக நான்கு நாள் நடைக்கு வந்திருந்தார். அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்போது மார்போடு கட்டியிருந்த சிறிய பையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். அது 'ணங்' என்று மரத்தில் இடித்தது. நான் பார்ப்பதைக் கண்டு அவரே சொன்னார்: "கரடிக்காக இல்லை. கரடி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். மனிதர்களுக்காக." இரவில் கூடாரத்துக்கு வெளியே காலடிச் சத்தம் கேட்டால் அது மானா ஆணா என்று கணக்குப் போட்டுக்கொண்டே படுத்திருக்க வேண்டிய வாழ்க்கை உங்களுக்கு இல்லை என்றார். என்னிடம் அதற்குப் பதில் இல்லை. 1996-இல் வர்ஜீனியாவின் ஷெனண்டோவா பூங்காவில் முகாமிட்டிருந்த இரண்டு பெண்கள் கொல்லப்பட்டார்கள். கொலைகாரன் யாரென்று எஃப்.பி.ஐ. அறிவித்தது 2024-இல்தான். அதற்குள் அவன் வேறு குற்றங்களுக்கான சிறைத் தண்டனையின்போதே செத்துப்போயிருந்தான். தனியாக நடக்கும் பெண்களுக்கு அந்தக் கதை தெரியும். அவர்களுடைய பயத்தை யாரும் லேசாகப் பேசக் கூடாது.

இன்னொரு காட்சி. மவுண்ட் ரெய்னியர் பூங்காவின் முகாம் மைதானத்தில் எங்கள் பக்கத்து இடத்தில் ஒரு குடும்பம். தகப்பனார் இடுப்பில் வெளிப்படையாகக் கைத்துப்பாக்கி. மிகவும் நல்ல மனிதர். மழையில் நனைந்த விறகோடு நான் போராடுவதைப் பார்த்து, தன் காய்ந்த விறகில் பாதியைக் கொண்டுவந்து அடுக்கி நெருப்பு மூட்டித் தந்தார். அப்போது ஏழு வயதாக இருந்த என் மகள் அவருடைய குழந்தைகளோடு சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். மாலையில் அவர் சாப்பிட உட்காரும்போது, இடைஞ்சலாக இருந்ததால் உறையோடு அதைக் கழற்றி மேசையில், ரொட்டிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தார். என் மகள் சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மறுபடி விளையாடப் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, துப்பாக்கிக்காரன் நுழைந்துவிட்டால் என்று பள்ளியில் கதவைப் பூட்டிக்கொண்டு விளக்கணைத்து உட்காரும் பயிற்சி நினைவு வந்தது என்றாள்.

அந்த இருவரையும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஆதரிக்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் துப்பாக்கி என்பது காரின் சீட் பெல்ட் மாதிரி: தினமும் அணிவது, பயன்படாமலே போக வேண்டும் என்று விரும்புவது. பூங்கா எல்லையில் ஒரு கோட்டைப் போட்டு, இங்கே மட்டும் கழற்று என்றால், நேற்றுவரை நேர்மையான குடிமகனாக இருந்தவன் இந்தப் பக்கம் குற்றவாளியா என்று கேட்கிறார்கள். எல்லைப்புறப் பூங்காக்களைச் சுட்டுகிறார்கள். 2002-இல் அரிசோனாவின் ஆர்கன் பைப் காக்டஸ் பகுதியில் மெக்சிகோவிலிருந்து தப்பி வந்த கடத்தல் கும்பலால் கிறிஸ் எகிள் என்ற ரேஞ்சர் கொல்லப்பட்டதை நினைவூட்டுகிறார்கள். எதிர்க்கிறவர்களுக்கோ பூங்கா என்பது, நாட்டில் வேறெங்கும் கிடைக்காத ஒன்று கிடைக்கும் இடம்: யாரும் யாரிடமிருந்தும் தற்காத்துக்கொள்ள வேண்டியிராத இடம். பக்கத்துக் கூடாரத்துக்காரரின் தோட்டா துணிச்சுவரைத் துளைத்துக்கொண்டு வரும் என்பது அவர்களுடைய கவலை. குடித்துவிட்டுச் சண்டை போடும் முகாம் இரவுகளைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் கற்பனை இல்லை.

ஆதரவாளர்களின் ஒரு வாதத்தை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். 2010-இல் எச்சரித்தவர்கள் சொன்ன அளவுக்குப் பூங்காக்கள் ரத்தக்களரியாக மாறவில்லை. ஆண்டுக்கு 30 கோடிக்கும் மேலான வருகைகள் பதிவாகும் இடங்களில், வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு துப்பாக்கியைக்கூடப் பார்க்காமல் வீடு திரும்புகிறார்கள். மறைத்து வைத்திருப்பவர்கள் மறைத்தே வைத்திருக்கிறார்கள்.

இனி கரடிக்கு வருகிறேன், ஏனென்றால் துப்பாக்கி வேண்டும் என்பதற்குப் பொதுவாக முதலில் சொல்லப்படும் காரணம் அதுதான். யெல்லோஸ்டோனின் 150 ஆண்டு வரலாற்றில் கரடியால் இறந்தவர்கள் எட்டுப் பேர். வெந்நீர் ஊற்றுகளில் விழுந்து வெந்து இறந்தவர்கள் 20-க்கும் மேல். பூங்காக்களில் விபத்துச் சாவுக்கு முக்கியக் காரணங்கள் சாலை விபத்து, நீரில் மூழ்குதல், உயரத்திலிருந்து விழுதல் ஆகியவை. உங்கள் மனைவி கவலைப்பட வேண்டியது குழந்தைகள் மரப்பாலத்தை விட்டு இறங்கி ஊற்றுப் பக்கம் ஓடுவதைப் பற்றித்தான்.

கரடி பாய்ந்தே வந்தால்? தாமஸ் ஸ்மித், ஸ்டீஃபன் ஹெரெரோ முதலிய ஆய்வாளர்கள் அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை கரடி ஸ்பிரே (கரடியின் முகத்தில் பீய்ச்சும் மிளகாய்ச் சாறு) பயன்படுத்தப்பட்ட 83 நிகழ்வுகளை ஆராய்ந்தார்கள். பழுப்புக் கரடிகளை அது 92 சதவீதம் தடுத்து நிறுத்தியிருந்தது. கூட இருந்தவர்களில் 98 சதவீதம் பேருக்குக் காயமே இல்லை. பிறகு துப்பாக்கி தொடர்பான 269 நிகழ்வுகளை எடுத்துப் பார்த்தார்கள். கைத்துப்பாக்கி 84 சதவீதமும் நீளத் துப்பாக்கி 76 சதவீதமும் பலனளித்திருந்தன. ஆனால் துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும் பயன்படுத்தாதவர்களுக்கும் காயம்பட்ட விகிதத்தில் வேறுபாடில்லை. பாய்ந்து வரும் கரடி கண் இமைக்கும் நேரத்தில் நெருங்கிவிடும். நடுங்கும் கையால் அதன்மேல் குறிபார்ப்பது துப்பாக்கி பழகியவர்களுக்கே எளிதில் கைகூடுவதில்லை. ஸ்பிரே ஒரு சிவந்த மேகமாக விரிவதால் துல்லியமான குறி தேவையில்லை. கரடியும் பிழைத்து வீடு போகும்.

2010 மே மாத இறுதியில், சட்டம் வந்து சில மாதங்களிலேயே, அலாஸ்காவின் டெனாலி பூங்காவில் மலைநடையாளர் ஒருவர் புதரிலிருந்து வந்த கிரிஸ்லி கரடியை (பழுப்புக் கரடியில் ஒரு வகை) நோக்கி .45 கைத்துப்பாக்கியால் ஒன்பது முறை சுட்டார். கரடி புதருக்குள் திரும்பிப் போய்ச் செத்தது. அந்தப் பூங்காவின் வனப்பகுதியில் பார்வையாளர் ஒருவர் கரடியைச் சுட்டுக் கொன்றது அதுவே முதல் முறை. காயம்பட்ட கரடி புதருக்குள் மறைந்ததும், அது செத்ததா, வெறியோடு பதுங்கியிருக்கிறதா என்று தெரியாமல் அந்தப் பகுதியையே மூடினார்கள். தோட்டா சுட்டவரோடு நிற்பதில்லை, அடுத்து அந்தப் பாதையில் வருகிறவரின் தலையிலும் விழுகிறது. எதிர்மாறான முரண் ஒன்றும் உண்டு: யோசெமிட்டியில் கரடி ஸ்பிரேக்கே தடை. கிரிஸ்லி இல்லாத அந்தப் பூங்காவில் அது தேவையில்லை என்பது சரிதான். ஆனால் மாநிலச் சட்டம் அனுமதித்தால் கைத்துப்பாக்கி போகலாம், மிளகாய்ச் சாறு போகக் கூடாது என்கிற நிலையை என்னால் ஏற்க முடியவில்லை.

பார்வையாளர்களின் கருத்தைக் கேட்கும்போது ரேஞ்சர்களை மறந்துவிடுகிறோம். 2012 புத்தாண்டு நாளில் எங்கள் மவுண்ட் ரெய்னியரில், சோதனைச் சாவடியில் நிற்காமல் போன காரை மறிக்கத் தன் வண்டியைக் குறுக்கே நிறுத்தினார் மார்கரெட் ஆண்டர்சன். 34 வயது, இரண்டு சிறு பெண் குழந்தைகளின் தாய். கணவரும் அதே பூங்காவில் ரேஞ்சர். காரில் இருந்தவன் அவரைச் சுட்டுக் கொன்றான். மேலே பாரடைஸ் பார்வையாளர் மையத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை இரவெல்லாம் உள்ளேயே பாதுகாத்து வைத்தார்கள். மறுநாள் அவனுடைய உடல் பனி ஓடையில் கிடைத்தது. புதிய சட்டம்தான் காரணம் என்று பலர் அன்றே எழுதினார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். முந்தைய இரவே வேறிடத்தில் சுட்டுவிட்டு ஓடி வந்தவனை எந்த விதியும் நிறுத்தியிருக்காது. ஆனால் பூங்காத் துறையில் இருபது ஆண்டுகள் இருந்த ஒருவர் பிறகு என்னிடம் சொன்னது மறக்கவில்லை: முன்பெல்லாம் காருக்குள் துப்பாக்கி தெரிந்தால் அதுவே ஏதோ தவறு என்பதற்கு அடையாளம், நிறுத்தி விசாரிக்கக் காரணம். இப்போது அது எதற்கும் அடையாளம் இல்லை. வேகமாகப் போனதற்கு ஒரு காரை நிறுத்தினால்கூட, சன்னலருகே போகும் ஒவ்வொரு முறையும் கை இடுப்புக்குப் போகிறது என்றார். வழி சொல்லவும் பறவையின் பெயர் சொல்லவும் வந்தவருக்கு இப்படி ஒரு வேலை.

1983-இன் விதியே சரியானது என்பது என் கருத்து. துப்பாக்கி வைத்திருங்கள், குண்டை எடுத்து வண்டியின் பின்பெட்டியில் பூட்டுங்கள். அந்தச் செவிலியரை நினைக்கும்போது இந்தக் கருத்து எனக்கு வலிக்கிறது. அவர் கேட்பது நியாயம். ஆனால் அவருக்குத் தேவை ஆளில்லாத பாதைகளில் ரேஞ்சர்கள். சட்டம் இயற்றியவர்கள் யாரும் அதற்குப் பணம் ஒதுக்க முன்வரவில்லை.

இனி உங்கள் பயணம். நீங்கள் எச்-1பி போன்ற விசாவிலும் பெற்றோர் சுற்றுலா விசாவிலும் இருந்தால், அமெரிக்கச் சட்டப்படி, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். "சும்மா பிடித்துப் பாருங்கள்" என்று யாராவது நீட்டினாலும் வாங்காதீர்கள். கரடி ஸ்பிரேயை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியிலும் போட முடியாது. அங்கே போய் வாங்குங்கள், வாடகைக்கும் கிடைக்கும். பாதுகாப்புப் பூட்டைக் கட்டைவிரலால் தள்ளி எடுக்க முதல் நாளே நாலைந்து முறை பழகுங்கள். பைக்குள் போட்டுவிடாதீர்கள், இடுப்புப் பட்டையில் மாட்டுங்கள். ஏழெட்டு நொடிகளில் டப்பா காலியாகிவிடும், கரடி ஏறக்குறைய 9 முதல் 18 மீட்டர் தூரத்துக்குள் வரும்போதுதான் அழுத்த வேண்டும். மூன்று நான்கு பேராகச் சேர்ந்து பேசிக்கொண்டே நடந்தால் அது தேவைப்படவே போவதில்லை.

பக்கத்தில் யாராவது இடுப்பில் துப்பாக்கியோடு நின்றால் வணக்கம் சொல்லிவிட்டு நகருங்கள். பெரும்பாலும் அவரும் காட்டெருமையைப் பார்க்க வந்தவர்தான். குடித்துத் தகராறு செய்தால் பேச்சுக் கொடுக்காமல் 911-ஐ அழையுங்கள். பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, அப்போது அருகில் இருக்கும் ரேஞ்சர் நிலையத்துக்குப் போங்கள்.

கரடியிடமிருந்தும் ஓநாயிடமிருந்தும் 91 மீட்டர், எருமையிடமிருந்தும் மற்ற விலங்குகளிடமிருந்தும் 23 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. அப்பாவுக்கு நல்ல பைனாகுலர் ஒன்று வாங்கிவிடுங்கள். விடிவதற்குள் ஹேடன் பள்ளத்தாக்குக்குப் போய்விட்டால், நீராவி எழும் ஆற்றங்கரையில் எருமை மந்தையைக் காரிலிருந்தே பார்க்கலாம். இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது அந்தப் பூங்காவில் முப்பதுக்கும் குறைவாக எஞ்சியிருந்தவற்றின் வழித்தோன்றல்கள் அவை.